ஆறு, பூஜ்யம், நான்கு

நிலத்தடி நீர் ஆய்வு நிலையத்தின் இயக்குநர் லினக்ஸ் கணினிப் பயிற்சி முடித்துத் திரும்பிய அன்று, முதல் வேலையாகக் கழிப்பறைக் கதவில் ஒரு அட்டையை மாட்டினார்.

நிலையத்துக்குப் புதுக் கணினி வரப்போகிறது, அதில் எந்தக் கோப்பை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்று ஒழுங்கு செய்ய ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்றுதான் அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தார், கணினி வரவில்லை. கொள்முதல் பிரிவில் எந்த மேசையில் ஏறி உட்கார்ந்ததோ, இறங்க மறுத்தது. "அதுவரைக்கும் படிச்சதை மறந்துட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றீங்களா?" என்று இயக்குநர் ஊழியர் கூட்டத்தில் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அது ஒருமனதான சம்மதமாகப் பதிவாயிற்று. கணினி வரும்வரை கட்டடத்தையே கணினியாக நடத்துவது என்று முடிவானது.

ஏற்பாடு எளிமையானது; இயக்குநரே ஊழியர்களுக்கு வகுப்பெடுத்து விளக்கினார். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. அட்டையில் மூன்று வரி: உரியவர், குழு, மற்றவர். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். படிக்க நான்கு, எழுத இரண்டு, இயக்க ஒன்று. மூன்றும் கூடி ஏழு விழுந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பூஜ்யம் விழுந்தால் வந்த வழியே போகலாம். அறை என்றால், படிப்பது என்பது வாசலில் நின்று உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது. எழுதுவது என்பது உள்ளே ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது, இருப்பதை எடுத்துப் போவது. இயக்குவது என்பது காலை எடுத்து உள்ளே வைப்பது.

கழிப்பறை விஷயத்தில், நிலையத்தின் வரைபடங்களை வரையும் வரைபடக்காரிக்கு நான்கு விழுந்திருந்தது.

"அப்படின்னா?" என்று அவள் கதவருகே நின்ற காவலரைக் கேட்டாள்.

"இங்கேர்ந்தே பார்க்கலாம்மா. வாளி இருக்கு. குழாய் இருக்கு, சொட்டுது. எல்லாத்தையும் நல்லாப் பார்த்துக்குங்க."

"பார்த்து?"

"பார்த்துட்டுப் போங்க."

வரைபடக்காரி பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் வந்தாள். அங்கே இன்னும் நாகரிகம் பரவவில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போனார்கள்.

காவலரைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவரை வருகிற போகிற கார்களுக்குச் சலாம் போடுவதுதான் அவர் வேலை. இப்போது ஒரு மரக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையின் வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. போட்டிருப்பதைப் படிப்பார், படித்தபடி செய்வார். இந்தக் குணத்தை இயக்குநர் வெகுவாக மெச்சினார்.

கணக்கருக்குப் பொருள் அறையில் ஒன்று மட்டும் கிடைத்திருந்தது. உள்ளே போகலாம், எதையும் பார்க்கக் கூடாது. காவலர் அவர் கண்ணைத் துண்டால் கட்டி உள்ளே அனுப்பினார். வேண்டிய பொருளின் முழுப் பெயரையும் பிசகாமல் சொன்னால் கைக்குக் கிடைக்கும்.

"பேனா," என்றார் கணக்கர்.

"அப்படி ஒண்ணு இல்லை."

"நீலப் பேனா."

"இல்லை."

"யோவ், கையில தட்டுதுய்யா!"

"கையில தட்டினாப் போதுமா? பேரைச் சொல்லுங்க சார்."

அதன் பெயர் 'நீலப் பேனா மூடி காணோம்' என்று கணக்கருக்கு எப்படித் தெரியும்? அந்த மாதச் சம்பளப் பட்டியலை அவர் தன் மகளின் வண்ணப் பென்சிலில் எழுதினார். எல்லாருக்கும் ஊதா நிறத்தில் சம்பளம் வந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. வரைபடக்காரியை உண்மையாகவே உட்கார்ந்து யோசிக்க வைத்தது சிற்றுண்டிக்காரர் விவகாரம். ஒரு நாள் இயக்குநரின் தேநீர் ஆறிப்போயிருந்தது. மறுநாள் சிற்றுண்டிச் சாலை அட்டையில் புது எண்கள்: உரியவருக்குப் பூஜ்யம், குழுவுக்கு ஏழு, மற்றவருக்கு ஏழு. சிற்றுண்டிக்காரர் வாசலில் நிற்க, தெருவில் போனவர்கள் எல்லாம் உள்ளே நுழைந்து அவர் அடுப்பில் அவர் பாலைக் காய்ச்சினார்கள்.

"நானும் ஒரு மனுஷன்தானே? மற்றவர்னு எழுதியிருக்குல்ல, அந்தக் கணக்குல என்னை விடுங்களேன்!" என்று அவர் காவலரிடம் மன்றாடினார்.

"அது எப்படிண்ணே முடியும்? முதல்ல நீங்க உரியவரான்னு பார்ப்பேன். ஆமான்னா, அந்த வரியோட நிறுத்திடுவேன். உரியவர் இல்லைன்னா, குழுவில இருக்கீங்களான்னு பார்ப்பேன். இருந்தா அதோட நிறுத்திடுவேன். ரெண்டும் இல்லாதவங்களுக்குத்தான் மூணாவது வரி. நீங்க முதல் வரியிலயே மாட்டிக்கிட்டீங்க."

"ஊருக்கே திறந்து கிடக்கு. எனக்கு மட்டும் பூட்டா?"

"உங்க இடம்தானே? சந்தோஷமா இருங்க."

பால் பொங்கியபோது சிற்றுண்டிக்காரர் ஜன்னல் வழியாக "இறக்குங்கய்யா, இறக்குங்க!" என்று கத்தினார். கேட்பதற்கு அனுமதி தேவை என்று யாரும் சொல்லாததால் அதை எல்லாரும் கேட்டார்கள். இறக்கவில்லை.

இயக்குநருக்கு மட்டும் இந்த மூன்று வரிகளும் பொருந்தாது. அவர் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. அதற்கு ரூட் அட்டை என்று பெயர். அதைக் கண்டால் எந்தக் கதவும் கேள்வி கேட்காது. எந்தப் பொருளையும் யாருடையது என்று வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை 'ரூட்டு' என்றார்கள். அது அவர் காதில் விழுந்தது. மகிழ்ந்தார்.

இப்போது வரைபடக்காரியின் வரைபடத்துக்கு வருவோம். நகரத்தில் எங்கெங்கே, எத்தனை ஆழத்தில் தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் பெரிய வரைபடம் அது. ஆறு வருஷம் அவள் தெருத் தெருவாக நடந்து, கிணறுகளுக்குள் கயிறு விட்டு, நாய்களிடம் கடி வாங்கி, கிணற்றுக்காரர்களிடம் அதைவிட மோசமாக வாங்கி, மையில் வரைந்து முடித்தது. மூலையில் தன் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தாள். ஒரு தகர உருளைக்குள் சுருட்டி வைத்து, வெளியே 'பெரிய வரைபடம்' என்று ஒட்டி, வரைபட அறையில் நிறுத்தியிருந்தாள்.

தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது: ஆண்டு விழாவில் அந்த வரைபடம் வெளியிடப்படும், அதற்கு உரியவர் தலைமை ஆய்வாளராக உயர்த்தப்படுவார்.

அன்று பிற்பகல் இயக்குநர் சிவப்பு அட்டையோடு வரைபட அறைக்கு வந்தார். உருளையின் அட்டையில் 'உரியவர்' என்ற வரியில் இருந்த அவள் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார். பக்கத்தில் ஆறு, பூஜ்யம், பூஜ்யம். உரியவர் படிக்கலாம், எழுதலாம். வேறு யாரும் மூடியைக்கூடத் தொடக் கூடாது.

"சார், அது நான் வரைஞ்சது," என்றாள்.

"யாரும்மா இல்லைன்னது? வரைஞ்சது நீங்க. அது பழைய கதை. இப்ப உரியவர் நான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"மூலையில என் பேரு இருக்கு சார். திறந்து பாருங்க."

"இருக்கலாம். ஆனா திறந்து பார்க்க அனுமதி எனக்கு மட்டும்தானே இருக்கு? நான் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியலை."

"மூடியே திறக்கலையே சார்!"

"உரியவர் எப்பத் திறக்கணும்னு உரியவர்தான் முடிவு பண்ணணும்," என்றார் இயக்குநர், கனிவாக. "குறை இருந்தா அனுமதிக் குழுகிட்ட சொல்லுங்க. நம்ம நிலையத்தில நியாயத்துக்குப் பஞ்சம் இல்லை."

அனுமதிக் குழுவில் மூன்று நாற்காலிகள். உரியவர்களின் பிரதிநிதி, குழுக்களின் பிரதிநிதி, மற்றவர்களின் பிரதிநிதி. வரைபடக்காரி போனபோது இயக்குநர் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டும் காலி.

"அவங்க ரெண்டு பேரும் வரட்டும் சார், நான் காத்திருக்கேன்."

"வந்துட்டாங்க. சொல்லுங்க."

சொன்னாள். முதல் நாற்காலி பொறுமையாகக் கேட்டது. "உரியவர்ங்கற முறையில, என் பொருளைக் கேட்டு ஒருத்தர் வந்து நிக்கறது எனக்கு மனவேதனையா இருக்கு," என்றது. இயக்குநர் எழுந்து இரண்டாம் நாற்காலிக்குப் போனார். குரல் கொஞ்சம் கரகரத்தது. "குழுக்களோட சார்பில எனக்கு உங்க மேல அனுதாபம் உண்டு. ஆனா உரியவரோட மனசை நோகடிக்க முடியாது. அவர் பெரிய மனுஷன்." மூன்றாம் நாற்காலியில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். "நான் பொதுஜனம்மா. ஏழை. எனக்கு இந்தத் தகராறெல்லாம் புரியாது. அவங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, சரியாத்தான் சொல்வாங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முதல் நாற்காலி மற்ற இரண்டுக்கும் நன்றி சொன்னது.

அவள் வீட்டுக்காரர் தையற்காரர். கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"மூணு நாற்காலியிலயும் அவனேவா?"

"சட்டைக் கையை வேற மடிச்சுக்கிட்டான்."

"நாளைக்கு நான் வரேன். நாலாவது நாற்காலியை எடுத்து அவன் தலையில போடறேன்."

"உங்களுக்கு அங்க பூஜ்யம். வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"சரி, கிணத்தடியில நின்னு குறிச்ச பென்சில் தாளெல்லாம்?"

"அலமாரியில இருக்கு. அது என்னோடதுதான். ஆனா மேடை ஏறப் போறது அந்த உருளைதானே? இதை யாரு பார்க்கப் போறா?"

தையற்காரர் துணியை ஒதுக்கித் தள்ளினார். வெட்டு மேசை ஒரு கட்டில் அகலம் இருந்தது. "இதைவிடப் பெரிய மேசை உங்க ஆபீஸ்ல இருக்கா? வரை. எதுக்குன்னு அப்புறம் பார்த்துக்கலாம். கை சும்மா இருந்தாத்தான் உனக்கு அழுகை வரும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரைந்தாள். எதற்கு என்று தெரியாமலே வரைந்தாள். மையைவிடக் கோபம்தான் அதிகம் செலவாயிற்று. கோடுகள் முன்னைவிட நேராக வந்தன.

மழை பிடித்தது. வரைபட அறைக் கூரை ஒழுகி, சொட்டு சரியாக அந்த உருளை மேல் விழுந்தது. வரைபடக்காரி பதறி ஓடினாள். உருளையைக் கட்டிப்பிடித்தபடி காவலரைப் பார்த்தாள்.

"மூடியில கை வைக்காதீங்கம்மா."

"நனைஞ்சு போயிடும்ங்க!"

"நனையட்டும். ஆனா தூக்கிட்டுப் போறதுன்னா தாராளமாப் போங்க."

அவள் நின்றாள். "தூக்கிட்டுப் போகலாமா? இது அவரோடது ஆச்சே."

காவலர் மரக்கோலால் முதலில் உருளையின் அட்டையைத் தொட்டார். "உள்ள இருக்கறதைப் பார்க்கறதும் திருத்தறதும் இந்த அட்டை. உங்களுக்குப் பூஜ்யம்." பிறகு கதவின் அட்டையைத் தொட்டார். "இந்த அறையில எது இருக்கலாம், எது போகலாம்ங்கறது இந்த அட்டை. வரைவோர் குழுவுக்கு ஏழு. நீங்க வரைவோர். திறக்க முடியாது. ஆனா வெளிய தூக்கி வீசலாம்."

"யாரோட பொருளா இருந்தாலுமா?"

"யாரோடதுன்னு இந்த அட்டையில கேட்கலையேம்மா."

வரைபடக்காரி உருளையை ஒழுகாத மூலைக்கு நகர்த்தி வைத்தாள். அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

விழாவுக்கு முன்தினம் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. 'வரைந்தவர்' என்று இயக்குநரின் பெயர் போட்டிருந்தது. விருந்தாளிகள் யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று அவர் தன்னையும் வரைவோர் குழுவில் சேர்த்துக்கொண்டார். அதுவரை அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான். இப்போது இரண்டு பேர். வாழ்நாளில் ஒரு நேர்க்கோடு போட்டறியாதவர் கழுத்தில் மறுநாள் காலை சிவப்பு அட்டையோடு 'வரைவோர்' என்ற பச்சை அட்டையும் ஆடியது.

"நீங்களே உருளையை மேடைக்குத் தூக்கிட்டு வந்துடுங்க," என்றார் அவளிடம். "திறக்கத்தான் உங்களுக்கு முடியாது. சுமக்கலாம். உங்க பங்களிப்பும் இருக்கட்டும்."

"சரி சார்," என்றாள். அவள் இவ்வளவு அடக்கமாகச் 'சரி' சொல்லி யாரும் கேட்டதில்லை.

காலையில் தையற்கடையிலிருந்து ஒரு புது உருளை வந்தது. வரைபடக்காரி அதை அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள். காவலர் கதவு அட்டையைத் தொட்டார்; வைக்கலாம். பழைய உருளையின் மேலிருந்த 'பெரிய வரைபடம்' என்ற பெயரைப் பிய்த்துப் புது உருளையில் ஒட்டினாள். பெயர் மாற்றுவதும் அறையின் அட்டைதான், மாற்றலாம். பழைய உருளையைத் தூக்கிப் போய்த் தன் மேசையின் நீள இழுப்பறைக்குள் படுக்க வைத்தாள். இழுப்பறை அட்டையில் அவளுக்கு ஏழு. மற்ற இரண்டு வரிக்கும் பூஜ்யம், பூஜ்யம். உருளை இன்னும் இயக்குநருடையதுதான். அவர் பெயர்தான் இருந்தது. அவர் கை அதுவரை நீள வழிதான் இல்லை.

"புது உருளைக்கு உரியவர் யாரும்மா?" என்று காவலர் கேட்டார்.

"கொண்டுவந்தது யாரோ அவங்க."

"சரிதான்." எழுதிக்கொண்டார். "குழு?"

"வரைவோர்."

"எண்?"

சொன்னாள். காவலர் மரக்கோலால் தலையைச் சொறிந்தார். பிறகு சொன்னதைக் கேட்டார், கேட்டபடி எழுதினார்.

அரங்கம் நிறைந்திருந்தது. தலைமையகத்தின் தலைவரான அம்மையார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்; இயக்குநருக்கு லினக்ஸ் பயிற்சி நடத்தியவரும் அவர்தான். இயக்குநர் மேடையேறியதும் சிவப்பு அட்டையைக் கழற்றி உயர்த்திக் காட்டினார்.

"மேடம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், ரூட்டா உலாவாதேங்கறது. எல்லாம் முடியும்ங்கறவன் எதையும் செய்யத் தயங்கணும். அதிகாரத்து மேல எனக்கு என்னிக்கும் ஆசை இருந்ததில்லை. இருக்கறப்போ அனுபவிச்சிருக்கேன், அவ்வளவுதான். இதோ, இந்த அட்டையை உங்க கையிலயே ஒப்படைக்கிறேன். இன்னிக்கு நான் ரூட் இல்லை. வெறும் வரைவோரில் ஒருத்தன்!"

கைதட்டல் வானைப் பிளந்தது. அம்மையார் அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு, பையை மூடினார்.

வரைபடக்காரி மேடைக்குத் தூக்கி வந்து வைத்த உருளையின் மூடிமேல் இயக்குநர் கை வைத்தார். மரக்கோல் அவர் மணிக்கட்டின் மேல் வந்து படுத்தது.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் காவலர். "உரியவரா? இல்லை. இதுல அம்மா பேரு இருக்கு. சரி, குழு? வரைவோர். நீங்க வரைவோரா?" பச்சை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா. அப்ப இந்த வரிதான். பூஜ்யம். கையை எடுங்க."

"என்னய்யா உளர்றே? உருளை என்னுது!"

"உங்களோடது பத்திரமா இருக்கு சார். அம்மாவோட இழுப்பறையில. அதுக்கு நீங்கதான் உரியவர், யாரும் தொடலை."

"அப்ப எடுத்துட்டு வா!"

"இழுப்பறை உங்களுக்குப் பூஜ்யம்."

இயக்குநர் குனிந்து முன்வரிசையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "மேடம், அந்தச் சிவப்பு அட்டை... ஒரு நிமிஷம்..."

அம்மையார் கைப்பையை மடியில் இறுக்கினார். "ஒரு உருளையைத் திறக்க ரூட்டா? இப்பத்தானே அவ்வளவு நேரம் பேசினீங்க? முதல் பாடமே மண்டையில ஏறலையா?" பிறகு காவலரைக் கேட்டார்: "மத்தவங்களுக்கு என்ன எண் போட்டிருக்கு?"

"நான்கு மேடம். உரியவருக்கு ஆறு, குழுவுக்குப் பூஜ்யம், மற்றவருக்கு நான்கு. இந்த அரங்கத்தில யார் வேணா பார்க்கலாம். தெருவில போறவனும் பார்க்கலாம். வரைவோர் மட்டும் கூடாது."

"வரைவோர் யார் யார்?"

"அம்மா ஒருத்தங்க. அவங்க உரியவர், முதல் வரியிலயே தாண்டிட்டாங்க. மிச்சம் இவர்தான்."

"அப்ப நான் அந்தக் குழுவை விட்டே விலகறேன்!" என்று இயக்குநர் பச்சை அட்டையைக் கழுத்திலிருந்து பிய்த்தார்.

காவலர் வருத்தப்பட்டார். "செல்லாது சார். காலையில உள்ள வரும்போது எந்தக் குழுவோ, வீட்டுக்குப் போய்த் திரும்பி வர்ற வரைக்கும் அதே குழுதான். நீங்க நடத்தின வகுப்பில நீங்களே சொன்னது."

வரைபடக்காரி மூடியைத் திறந்தாள். வரைபடத்தை விரித்து மேடையின் பலகையில் மாட்டினாள். காவலர் இயக்குநரின் தோளைப் பிடித்து, மரியாதையாக, சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். "எட்டிப் பார்க்காதீங்க சார்."

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். கணக்கர் வந்தார். சிற்றுண்டிக்காரர் முண்டியடித்து முன்னால் வந்தார். வாசலில் நின்ற கார் ஓட்டுநர்கள்கூட வந்தார்கள். அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையில் இருந்த பெயரைப் படித்தார், திரும்பி வரைபடக்காரியைப் பார்த்தார், "நீங்க தலைமை ஆய்வாளரா எப்ப வந்து வேலையில சேரலாம்?" என்றார். அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து யாரோ வரைபடத்தின் நடுவில் விரலை வைத்தார்கள். நிலையத்தின் கட்டடம் இருந்த இடம் அது. மேல்மாடியில் இயக்குநரின் அறை இருக்கும் பக்கமாக ஒரு சின்ன வட்டம் போட்டு, அவள் தன் அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: 'எவ்வளவு தோண்டினாலும் இங்கே ஒன்றும் கிடைக்காது. ஆறு வருஷம் சோதித்தது.'

முதலில் கணக்கர் சிரித்தார். பிறகு சிற்றுண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மையார் சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டார். அரங்கமே குலுங்கியது.

"என்னய்யா? எதைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறாங்க?" என்று இயக்குநர் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொல்லக் கூடாது சார். சொன்னா நீங்க படிச்ச கணக்காயிடும்."